நடுக்கடல் வழியாக மேலப்பனையடிக்கு

முட்டாள்கள் எந்த ஊரில்தான் இல்லை? ஆனால் அவர்களுக்கென்று தனி அறை ஒதுக்கி, மேஜை நாற்காலி போட்டு, தலைக்கு மேலே ஃபேனும் மாட்டிக் கொடுத்தது கொடுக்கம்பாறை ஊரின் வேங்கைமார்பன் பார்சல் சர்வீஸ் ஒன்றுதான். அந்த அறைக் கதவில் ‘தூரக் கணக்குப் பிரிவு’ என்று எழுதியிருக்கும். உள்ளே நாலு பேர் இருப்பார்கள். மூளை என்று பார்த்தால் நாலு பேருக்கும் சேர்த்து ஒன்று தேறலாம். அதுவும் பெரும்பாலும் லீவில் இருக்கும்.

வேலை இதுதான். கம்பெனி வண்டிகள் ஒவ்வொன்றிலும் ஒரு ஜி.பி.எஸ். கருவி உண்டு. வண்டி பூமியில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அது இரண்டு எண்களாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்த எண்களெல்லாம் போய் ஒரு டேட்டாபேஸில் விழும். அதனிடம் தூரத்தைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்க எத்தனையோ வழி உண்டாம். இந்த நாலு பேருக்கும் தெரிந்தது ஒரே ஒரு கேள்வி: “இந்தப் புள்ளிக்கும் அந்தப் புள்ளிக்கும் நடுவே எவ்வளவு?” அதை எழுதி வைத்தவன் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டான். பதிலாக வரும் எண் மைலா, கிலோமீட்டரா, முழமா என்று அவன் சொல்லிவிட்டுப் போகவில்லை. இவர்களும் கேட்டுக்கொள்ளவில்லை. எண் வந்தால் போதாதா? நல்லவேளையாக லாரி டிரைவர்கள் இவர்கள் பேச்சைக் கேட்காமல் ரோட்டைப் பார்த்து ஓட்டியதால் கம்பெனி பிழைத்துக் கிடந்தது.

பிரிவுக்குத் தலைவன் ஆதிமூலம். வயது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது, கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கும் வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போகும். காபி வந்ததும் பேச ஆரம்பிப்பான். அந்த டம்ளரைக் கழுவுவதற்குள் சம்பந்தம் முறிந்திருக்கும். கடைசியில் மேலப்பனையடி கோமதிநாயகம், ‘மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வேலை’ என்ற ஒரு சொல்லில் மயங்கி, மகள் செண்பகவடிவைக் கொடுக்கச் சம்மதித்தார். அன்றைக்கு ஆதிமூலத்துக்குத் தொண்டை கட்டியிருந்ததும் ஒரு காரணம்.

சம்மதித்தவர் சும்மா விடவில்லை. முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. பத்தரைக்குள் மாப்பிள்ளை மணவறையில் உட்காராவிட்டால் தன் அக்காள் மகன் சிவனணைந்தான் தாலி கட்டுவான் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். சிவனணைந்தான் அந்தப் பெண்ணுக்கு முறைமாப்பிள்ளை. கேட்டுக் கேட்டுக் கிடைக்காமல் போனவன். எதற்கும் இருக்கட்டும் என்று பட்டுவேட்டி எடுத்துத் தயாராக வைத்திருந்தான்.

“இந்தப் பொண்ணையும் கோட்டை விட்டேன்னா, அரசமரத்தைத்தான்லே நீ கட்டிக்கிடணும்” என்று ஆதிமூலத்தின் அக்காள் வேலம்மாள் எச்சரித்திருந்தாள். அரசமரமும் கொஞ்சம் யோசிக்கும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

ஆகவே கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம், தூரக் கணக்குப் பிரிவு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வேலையில் இறங்கியது. அண்ணாச்சி வாழ்க்கை தங்கள் கையில்தான் இருக்கிறது என்று மற்ற மூவரும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டார்கள். இசக்கியப்பன் கொடுக்கம்பாறையின் எண்களையும் மேலப்பனையடியின் எண்களையும் கம்ப்யூட்டரில் போட்டு, தெரிந்த அந்த ஒரே கேள்வியைக் கேட்டான். பதில் வந்தது: 0.38.

அது பாகைக் கணக்கு; ஒரு பாகை என்றால் தரையில் நூற்றுப் பத்துக் கிலோமீட்டர் சொச்சம். பூமியைச் சுற்றி முந்நூற்றறுபது பாகை என்று பள்ளிக்கூடத்தில் பாடம் நடந்த அன்றைக்கு நாலு பேரும் ஆளுக்கொரு மதகில் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணாச்சி, ஒண்ணுகூட இல்ல. அரைகூட இல்ல” என்றான் இசக்கியப்பன்.

“ஊரு அங்கதான இருக்கு? நேத்தைக்கு எங்கயும் தள்ளிப் போயிரலையே?” என்று கேட்டான் பேச்சிநாதன். அவன் ஒரு சந்தேகப்பிராணி. வரவேண்டிய சந்தேகத்தைத் தவிர மற்ற எல்லாச் சந்தேகமும் அவனுக்கு வரும்.

“எதுக்கும் சென்னைக்குப் போட்டுப் பாரும்வே. அது நமக்குத் தெரிஞ்ச தூரம்” என்றான் ஆதிமூலம். தலைவன் என்றால் சும்மாவா?

சென்னைக்குப் போட்டார்கள். 5.08 என்று வந்தது.

“அஞ்சா?” என்று எழுந்துவிட்டான் குற்றாலிங்கம். “அஞ்சுக்குப் போறதுக்காவே நம்மள விடிய விடிய பஸ்ஸுல உக்கார வைக்கான்? நடுவுல சாப்பாட்டுக்கு வேற நிறுத்துதான், களவாணிப் பய!”

“ஊரைச் சுத்திச் சுத்திக் காட்டிட்டு, விடிஞ்சதும் சென்னைன்னு எறக்கி விட்டுருக்கான். நாமளும் எறங்கிருக்கோம்” என்றான் ஆதிமூலம் பெருமூச்சோடு.

இத்தனை காலம் ஏமாந்ததை நினைத்து நாலு பேரும் வருத்தப்பட்டார்கள். பிறகு ஆதிமூலம் முடிவு சொன்னான். சென்னையே ஐந்துதான் என்றால், ஒன்றுக்கும் உள்ளே இருக்கிற மேலப்பனையடி இந்தக் காம்பவுண்டைத் தாண்டி இருக்க முடியாது.

தேடினார்கள். பேச்சிநாதன் டீசல் டிரம்மை உருட்டிவிட்டு அதன் பின்னால் பார்த்தான். குற்றாலிங்கம் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி, இரண்டு கையையும் வாயில் குவித்து, “மேலப்பனையடீ!” என்று கூப்பிட்டுப் பார்த்தான். ஆதிமூலம் திடீரென்று மாமனார் எதிர்ப்பட்டால் மரியாதையாக இருக்கட்டும் என்று சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு, பழைய டயர்களுக்கு நடுவே அடக்கமாக நடந்தான். ஊர் அகப்படவில்லை. கல்யாண வேலையில் இருப்பார்கள், கூப்பிட்டது காதில் விழுந்திருக்காது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

அன்று சாயங்காலம் ஆதிமூலம் அக்காளிடம், அவசரமே இல்லை, பத்தேகாலுக்குச் செருப்பை மாட்டினால் போதும் என்றான்.

“எலேய், பொண்ணு பாக்கப் போனப்போ ஒண்ணரை மணி நேரம் பஸ்ஸுல போனோமேலே! ஜன்னல் சீட்டுத்தான் வேணும்னு நீதான ஒத்தக் காலுல நின்ன?” என்றாள் வேலம்மாள்.

“அப்போ கணக்குப் பாக்காமப் போனோங்க்கா. அதான் தூரமா இருந்துச்சி.”

வேலம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். அந்தத் தம்பியை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். யாரைப் போய் நோவாள்?

மறுநாள் காலையில் அவள் யாரையும் கேட்கவில்லை. கம்பெனி வேனை வீட்டு வாசலுக்கே வரவழைத்து, எட்டு மணி அடிப்பதற்குள் நாலு பேரையும் ஆட்டுக்குட்டிகளைத் தள்ளுவது போல உள்ளே தள்ளி, தானும் ஏறிக் கதவைச் சாத்தினாள். வேறு யாரும் ஏறவில்லை. கல்யாணத்துக்கு வருவதாகச் சொன்ன ஊரார் எல்லாம் தூரக் கணக்குப் பிரிவும் அதே வண்டியில் வருகிறது என்று தெரிந்ததும் பஸ்ஸில் வருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். வேனை ஓட்டியவன் அந்தோணிராஜ். யார் குரல் ஓங்கி ஒலிக்கிறதோ அவர் சொன்னபடி ஓட்டுவது அவன் வழக்கம். அதனால் அவனுக்கு வாழ்க்கையில் எந்தக் கவலையும் இல்லை.

ஆதிமூலம் பட்டுச்சட்டையோடு முன் சீட்டில் இருந்தான். பின்னால் இசக்கியப்பன் மடியில் லேப்டாப்பை விரித்து, வேன் திரையில் ஒரு சிவப்புப் பொட்டாக ஊர்வதைப் பார்த்துக்கொண்டு வந்தான். ஜன்னலுக்கு வெளியே வயலும் தோப்பும் போய்க்கொண்டிருந்தன. அதை நாலு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை. அது வெறும் கண்ணுக்குத் தெரிவதுதானே!

பாதித் தூரத்தில் ஒரு ரயில்வே சப்வே. மேலே தண்டவாளம், கீழே பள்ளமான பாதை. இந்த மாதிரி சப்வேக்களில் எந்தக் காலத்திலும் தண்ணீர் தேங்கித்தானே நிற்கும். அங்கேயும் கணுக்கால் அளவுக்கு நின்றது. வேன் உள்ளே இறங்கியதும் தலைக்கு மேலே கான்கிரீட் வானத்தை மறைத்துவிட்டது. வானம் தெரியாவிட்டால் அந்தக் கருவிக்குக் கண் தெரியாது. இடம் தெரியவில்லை என்று நேர்மையாகச் சொல்லத் தெரியாமல், இரண்டு எண்களுக்கும் பூஜ்யம், பூஜ்யம் என்று சொல்லி வைத்தது. பூமியில் பூஜ்யம், பூஜ்யம் என்கிற எண்ணுக்கும் ஓர் இடம் இருக்கிறது. அது ஆப்பிரிக்காவுக்கு அந்தப் பக்கம், அட்லாண்டிக் சமுத்திரத்தில், கரையே கண்ணுக்குத் தெரியாத நடுக்கடல்.

“அண்ணாச்சி!” என்று அலறினான் இசக்கியப்பன். “பொட்டு கடல்ல நிக்கி! வீட்டுல இருந்து எழுபத்தேழு புள்ளி எட்டு!”

“வண்டியை நிறுத்துவே!” என்று அதைவிடப் பெரிதாக அலறினான் ஆதிமூலம். அந்தோணிராஜ் நிறுத்தினான். நிறுத்திய இடம் சப்வேயின் நட்டநடுப் பள்ளம். அங்கே நிற்கிற வரைக்கும் கருவிக்கு வானம் தெரியப் போவதில்லை. வானம் தெரிகிற வரைக்கும் பொட்டு கடலை விட்டு வரப் போவதில்லை. பொட்டு வருகிற வரைக்கும் இவர்கள் வண்டியை எடுக்கப் போவதில்லை. கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பாருக்கு மதி எங்கே போயிற்று என்பார்கள். இங்கே கேப்பையின் கீழே பாத்திரமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

குற்றாலிங்கம் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தான். “ஆமா, தண்ணி இருக்கு” என்றான் காலைச் சீட்டின் மேல் தூக்கி வைத்துக்கொண்டே. அவ்வளவுதான், இருந்த கொஞ்சம் சந்தேகமும் தீர்ந்தது.

“கதவைத் தொறந்துராதிய. தண்ணி உள்ள வந்துரும்” என்று கட்டளையிட்டான் ஆதிமூலம். கண்ணாடிகளையும் ஏற்றச் சொன்னான். பட்டுச்சட்டைக்குள் வியர்வை ஆறாக ஓடியது.

ஏற்றுவதற்கு முன்னால் பேச்சிநாதன் கையை வெளியே நீட்டி, வண்டியின் மேல் தெறித்திருந்த தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். “உப்புக் கரிக்கலையே அண்ணாச்சி?”

“நடுக்கடல்ல எப்பிடிவே உப்பு இருக்கும்?” என்றான் ஆதிமூலம். “தூத்துக்குடியில பாத்ததில்லையா? உப்பெல்லாம் கரையோரமாத்தான் கெடக்கும்.”

இப்படியே ஒரு மணி நேரம் போன பிறகு செல்போன் அடித்தது. கோமதிநாயகம்.

“எங்க வாறிய மாப்ள? மணி ஒம்பதே முக்கால் ஆயிட்டே?”

“மாமா, நடுக்கடல்ல நிக்கோம்.”

கோமதிநாயகம் மேளச் சத்தத்துக்கு நடுவே நிதானமாகச் சொன்னார்: “அங்கனயே கெடந்துக்கோரும். எங்க அக்கா மகன் பட்டுவேட்டி கட்டித்தான் நிக்கான்.”

ஆதிமூலத்துக்கு அழுகை வந்துவிட்டது. பெண் போகிறதே என்று உண்மையாகவே அழுதான். அழுதானே தவிர, கதவைத் திறக்கச் சொல்லவில்லை.

வேலம்மாள் அதுவரை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடவுளே, கடவுளே என்று இருந்தவள், கடைசியில் பொறுக்க முடியாமல் கதவைத் தள்ளித் திறந்தாள். “அக்கா, வேண்டாம்!” என்று நாலு பேரும் கூவினார்கள். அவள் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி, கணுக்கால் தண்ணீரில் சளக் சளக்கென்று வண்டியைச் சுற்றி முன்பக்கம் நடந்து வந்தாள்.

வேனுக்குள் எல்லோரும் கண்ணாடியில் முகத்தை ஒட்டவைத்துப் பார்த்தார்கள்.

“அண்ணாச்சி, அக்கா கடல் மேல நடக்கா” என்று கைகூப்பினான் குற்றாலிங்கம். அந்தோணிராஜ் சிலுவை போட்டுக்கொண்டான். ஆதிமூலம் இத்தனை வருஷமாக இந்தத் தாயைச் சாதாரண அக்காள் என்று நினைத்துவிட்டோமே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

“சவத்து மூதிகளா!” என்று வேலம்மாள் வேனின் மூக்கில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். “வண்டியை எடுங்கலே!”

தெய்வ வாக்கு. யார் மீறுவது? வேலம்மாள் திரும்ப ஏறிக்கொள்ள, வேன் மேட்டில் ஏறி வெயிலுக்கு வந்த உடனே சிவப்புப் பொட்டு கடலிலிருந்து ஒரே தாவாகத் தாவித் திருநெல்வேலிச் சீமையில் வந்து உட்கார்ந்தது. பாதிச் சமுத்திரத்தைக் கண் மூடித் திறப்பதற்குள் கடந்துவிட்ட அந்தோணிராஜின் கையை நாலு பேரும் மாறி மாறிக் குலுக்கினார்கள். அவனும் பெருமையோடு குலுக்கக் கொடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை விட்ட கையால் ஒரு மைல்கல்லை உரசினான்.

மேலப்பனையடி மண்டபத்து வாசலில் வேன் நின்றபோது மணி பத்தேகாலைத் தாண்டிவிட்டது. மணவறைப் பக்கத்தில் சிவனணைந்தான் மாலைக்குக் கழுத்தை நீட்டி நின்றான். மாலை அவன் மூக்கு வரைக்கும் வந்திருந்தது. இசக்கியப்பன் வேனை விட்டு இறங்காமல், “இன்னும் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம் ரெண்டு பாக்கி இருக்கு, நாம வந்து சேரலை அண்ணாச்சி” என்றான். ஆதிமூலம் மண்டபப் படியில் ஒரு காலை வைத்துவிட்டு, மறு காலை வைக்கலாமா கூடாதா என்று யோசனை செய்தான். வேலம்மாள் யோசிக்க விடவில்லை. பிடரியில் கை வைத்து நேரே கொண்டுபோய் மணவறையில் உட்கார வைத்தாள். கெட்டிமேளம் முழங்கியது. முதல் முடிச்சை ஆதிமூலமும், மற்ற இரண்டையும் வேலம்மாளும் போட்டார்கள். பெரியவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள், பத்தரை ஆகியிருக்கவில்லை.

செண்பகவடிவு தலையை நிமிர்த்தி ஒரு முறை சிவனணைந்தானைப் பார்த்தாள். அப்புறம் ஒரு முறை ஆதிமூலத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று ஆதிமூலம் கவனிக்கவில்லை. நாம் வந்து சேர்ந்துவிட்டோமா என்று அவன் வாசல் பக்கம் இசக்கியப்பன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாப்பாடு முடிந்து, பெண்ணை அழைத்துக்கொண்டு புறப்பட்டார்கள். பெண் வீட்டார் மறுநாள் வருகிறோம் என்றார்கள். மாப்பிள்ளையோடு ஒரே வண்டியில் போக ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. பெற்ற மகளைத் தனியாக அனுப்ப மட்டும் துணிச்சல் இருந்தது. சப்வே வந்தபோது வேலம்மாள், “நிறுத்துனியோ, தொலைச்சிருவேன்” என்று சொல்லி வைத்ததால் இந்தத் தடவை வேன் சமுத்திரத்தை நிற்காமல் கடந்தது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வேன் ஆதிமூலத்தின் வீட்டு வாசலில், காலையில் நின்ற அதே இடத்தில் வந்து நின்றது. ஆரத்தி கரைத்துக்கொண்டு வருகிறேன், அதுவரைக்கும் யாரும் உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டு வேலம்மாள் வீட்டுக்குள் போனாள். நாள் முழுக்க அவள் செய்த ஒரே தப்பு அதுதான்.

செண்பகவடிவு மாலையும் கழுத்துமாக வாசலில் நின்றாள். இசக்கியப்பனுக்குக் கை அரித்தது.

“இன்னைக்கு எம்புட்டுத் தூரம் போயிருக்கோம்னு பாத்துருவோமா அண்ணாச்சி? பெருமையா இருக்கும்லா?”

“பாரும், பாரும்.”

வண்டி காலையில் புறப்பட்ட புள்ளியையும், இப்போது நிற்கிற புள்ளியையும் போட்டு, தெரிந்த அந்த ஒரே கேள்வியைக் கேட்டான். பதில் வந்தது: 0.

நாலு தலைகளும் திரைமேல் கவிந்தன.

“பூஜ்யம்னா?” என்றான் குற்றாலிங்கம்.

“பூஜ்யம்னா நாம எடத்தை விட்டு அசையலைன்னு அர்த்தம்” என்றான் இசக்கியப்பன்.

“அப்போ கடலைத் தாண்டுனது?”

“தாண்டியிருந்தா எண்ணு வராதாவே?”

ஆதிமூலம் திரையில் இருந்த பூஜ்யத்தை விரலால் தொட்டுப் பார்த்தான். “அப்போ மேலப்பனையடிக்கு நான் போகவே இல்லையா?”

“போகலை அண்ணாச்சி.”

“தாலி?”

“போகாம எப்பிடிக் கட்டுவிய?”

அப்போது பேச்சிநாதனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. அவன் மெதுவாகத் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டான்: “அப்போ இந்தப் பொம்பளப்புள்ள யாரு?”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பட்டுச்சேலை, கழுத்தில் புது மஞ்சள் கயிறு, முகத்தில் களைப்பு. ஆதிமூலத்துக்கு இரக்க சுபாவம். பார்த்ததும் மனசு உருகிப்போயிற்று.

“பாவம்வே, புதுசாத் தாலி கட்டிக் கூட்டியாந்து நடுவழியில விட்டுட்டுப் போயிருக்கான், எவனோ கூறுகெட்ட பய” என்றான். பிறகு அவளிடம் மரியாதையாக நாலடி தள்ளி நின்று கேட்டான்: “தங்கச்சி, உங்களுக்கு எந்த ஊரும்மா?”

செண்பகவடிவு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “மேலப்பனையடி” என்றாள்.

“அடடே, நானும் அங்கதான் போகணும். எனக்கு அங்க கல்யாணம்.”

“மணி அஞ்சாயிட்டே அண்ணாச்சி, முகூர்த்தம் பத்தரைக்குள்ளலா?” என்று இழுத்தான் பேச்சிநாதன்.

“நாமதான் இன்னும் கெளம்பவே இல்லையே, அதுக்குள்ள எப்பிடிவே பத்தரை ஆவும்?” என்று அடக்கினான் ஆதிமூலம்.

செண்பகவடிவு ஒரு தடவை வீட்டுக்குள் பார்த்தாள். ஆரத்தித் தட்டு இன்னும் வரவில்லை. “நெசமாத்தான் சொல்லுதியளா? உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகலையா?” என்று கேட்டாள்.

“சத்தியமா ஆகலை தங்கச்சி. கம்ப்யூட்டரே சொல்லுது.”

இன்னொரு தடவையும் கேட்டு உறுதி செய்துகொண்டாள். பிறகு கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மற்றவர்கள் ஏறுவதற்கு முன்னாலேயே வேனில் ஏறி, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து கதவையும் சாத்திக்கொண்டாள். நாலு பேரும் அடித்துப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். அந்தோணிராஜ் வண்டியை எடுத்தான்.

தெருமுனை திரும்பும்போது ஆதிமூலம் முன் சீட்டிலிருந்து திரும்பி, மாலையைச் சரி செய்துகொண்டு, இரண்டு கையையும் கூப்பி அவளை அழைத்தான்: “தங்கச்சி, ஊருக்குப் போனதும் அப்பிடியே எறங்கிப் போயிரக் கூடாது. இருந்து, அண்ணன் கல்யாணத்தைக் கண்ணாரப் பாத்து, சாப்பிட்டுட்டுத்தான் போகணும்.”